வாய் வெண்படலம்: எந்த மருந்து கேட்கும்?

நாக்கின் மேலும் கன்னத்தின் உட்புறமும் தயிர் ஒட்டியது போல வெள்ளை படிகிறது. சுத்தமான துணியால் மெல்லத் துடைத்தால் பெயர்ந்து வருகிறது. அடியில் சதை சிவந்திருக்கிறது. காரம் பட்டால் எரிகிறது. சாப்பாட்டில் ருசி தெரிவதில்லை. இதைத்தான் வாய் வெண்படலம் என்கிறோம். நம் பாட்டிமார்கள் இதனை 'அச்சரம்' என்பார்கள். சித்த மருத்துவத்தில் குழந்தைகளின் வாய்நோய்க்கு 'அக்கரம்' என்றொரு பெயர் உண்டு.

இந்த வெள்ளையைக் கண்டதும் நாம் கேட்கும் முதல் கேள்வி, "இதற்கு நன்றாகக் கேட்கும் மருந்து எது?" என்பதுதான். ஆனால், அந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. ஏன் என்பதை ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம்.

லெம்பா பெர்த்தாமில் மூன்று வீடுகளில் இந்த வெள்ளை தெரிவதாக வைத்துக்கொள்வோம். முதல் வீட்டில், பிறந்து ஒரு மாதமே ஆன கைக்குழந்தை. இரண்டாவது வீட்டில், பூந்தோட்டக் கொட்டகையில் வேலை செய்யும் நாற்பது வயதுக்காரர். மலைக் குளிரில் இளைப்பு வருவதால் தினமும் இன்ஹேலர் இழுப்பவர். மூன்றாவது வீட்டில், தேயிலை கிள்ளி ஓய்வு பெற்ற பாட்டி. பொய்ப்பல் கட்டியவர், இனிப்புநீர் நோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர். மூவருக்கும் வெள்ளை ஒன்றுதான், மருந்து ஒன்றல்ல. ஒருவருக்குக் குணம் தரும் மருந்து மற்றவருக்கு ஆபத்தாகவும் முடியலாம்.

வெள்ளைக்குக் காரணம் யார்?

பெரும்பாலும் 'கேண்டிடா அல்பிகன்ஸ்' என்ற பூஞ்சைதான் காரணம். பெயரின் இரண்டு சொற்களுமே லத்தீன் மொழியில் வெண்மையைக் குறிப்பவை. இது வெளியிலிருந்து படையெடுத்து வரும் எதிரி அன்று. நலமாக இருக்கும் பலருடைய வாயிலும் குடலிலும் சத்தமில்லாமல் வாழும் குடித்தனக்காரர். அங்கே வாழும் பாக்டீரியாக்களும், உமிழ்நீரும், உடலின் எதிர்ப்புச் சக்தியும் அதை அடக்கி வைத்திருக்கின்றன. இந்தக் காவல் எங்கே தளர்கிறதோ அங்கே அது பெருகிவிடுகிறது.

கைக்குழந்தைக்கு எதிர்ப்புச் சக்தி இன்னும் முதிரவில்லை. இன்ஹேலரில் உள்ள ஸ்டீராய்டு மருந்து தொண்டையில் படிந்து அந்த இடத்தின் காவலைக் குறைக்கிறது. இனிப்புநீர் கட்டுக்குள் இல்லாதவரின் உமிழ்நீரில் சர்க்கரை கூடுகிறது. பொய்ப்பல்லின் அடிப்புறம் பூஞ்சைக்கு நல்ல மறைவிடமாகிறது. அன்டிபயோட்டிக் மருந்தை நீண்ட நாள் சாப்பிட்டவருக்கோ, பூஞ்சையோடு போட்டி போடும் பாக்டீரியாக்கள் அழிந்து இடம் காலியாகிவிடுகிறது.

ஆகவே, "வாயில் புண், பழைய அன்டிபயோட்டிக் மிச்சம் இருக்கிறது, அதையே போடுவோம்" என்பது நெருப்பில் எண்ணெய் ஊற்றுவது போன்றதாகும். பாக்டீரியா வேறு, பூஞ்சை வேறு. படிவம் 5 அறிவியலில் நுண்ணுயிர்களைப் பற்றிப் படிக்கும் மாணவர்களுக்கு இது தெரியும். நம் மலையில் தக்காளியும் முட்டைக்கோசும் போடும் விவசாயிக்கு அதைவிட நன்றாகத் தெரியும்: பூச்சிக்கு அடிக்கும் மருந்து பூஞ்சைக்குக் கேட்காது.

பூஞ்சையின் பலவீனம்

பூஞ்சையைக் கொல்வது எளிது. மனிதனுக்குக் கெடுதல் இல்லாமல் கொல்வதுதான் கடினம். பாக்டீரியாவின் உயிரணு நம் உயிரணுவிலிருந்து வெகுவாக மாறுபட்டது. பூஞ்சையின் உயிரணுவோ அமைப்பில் நமக்கு நெருங்கிய உறவு. அதைத் தாக்கும் பொருள் நம்மையும் தாக்கக்கூடும்.

ஆனால், ஒரு வேறுபாடு உண்டு. நம் உயிரணுச் சவ்வில் இருப்பது கொலஸ்ட்ரோல். பூஞ்சையின் சவ்வில் அதற்குப் பதிலாக 'எர்கோஸ்டெரோல்' இருக்கிறது. வெண்படலத்துக்குக் கொடுக்கப்படும் முக்கிய மருந்துகள் எல்லாம் இந்த ஒரு பொருளையே குறி வைக்கின்றன. நிஸ்டாட்டின், எர்கோஸ்டெரோலோடு ஒட்டிக்கொண்டு சவ்வில் ஓட்டை போடுகிறது. மைக்கோனசோல், ஃபுளூகோனசோல் போன்ற 'அசோல்' வகை மருந்துகள் எர்கோஸ்டெரோல் உற்பத்தியையே தடுத்து, சவ்வைக் கட்ட முடியாமல் செய்கின்றன.

தேயிலைத் தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்த இரண்டாவது குடும்பம் புதிதல்ல. 1946இல் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் நுழைந்து தேயிலைக் கொழுந்துகளைப் பாழாக்கிய கொப்புள நோயும் ஒரு பூஞ்சை நோய்தான். அதற்குத் தெளிக்கப்படும் ஹெக்ஸாகோனசோலும், மனிதர்களுக்குக் கொடுக்கும் ஃபுளூகோனசோலும் ஒரே வேலையைச் செய்யும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். பெயரின் வால் கூட ஒன்றுதான். ஆனால் ஒன்று செடிக்கு, மற்றொன்று மனிதனுக்கு. இடம் மாற்றிப் பயன்படுத்தக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மண்ணிலிருந்து வந்த மருந்து

மழை பெய்து ஓய்ந்ததும் நம் தோட்டத்து மண்ணிலிருந்து ஒரு வாசம் எழுமே, அதில் பெரும் பங்கு 'ஸ்ட்ரெப்டோமைசிஸ்' என்ற மண் பாக்டீரியாக்களைச் சேரும். நிஸ்டாட்டின் பிறந்ததும் இதே இனத்திலிருந்துதான்.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறையில் பணியாற்றியவர்கள் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரண்டு பெண் அறிவியலாளர்கள். ஹேசன் நியூயார்க் நகரத்தில். பிரவுன் 200 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள ஆல்பனியில். ஹேசன் பல இடங்களின் மண்ணை வரவழைத்து, பூஞ்சையை அடக்கும் நுண்ணுயிர்களைத் தேடினார்; தேறியவற்றைப் புட்டியில் அடைத்துத் தபாலில் அனுப்பினார். பிரவுன் அதிலிருந்து மருந்துப் பொருளைப் பிரித்துத் திருப்பி அனுப்பினார். வர்ஜீனியா மாநிலத்தில் நோர்ஸ் என்ற நண்பர் குடும்பத்தின் பால் பண்ணை மண் இறுதியில் கை கொடுத்தது. அந்தப் பாக்டீரியாவுக்கு 'ஸ்ட்ரெப்டோமைசிஸ் நோர்சியை' என்று பெயர் வைத்தார்கள். 1950இல் அறிவிக்கப்பட்ட மருந்துக்கு, நியூயார்க் மாநிலத்தின் பெயரைச் சுருக்கி நிஸ்டாட்டின் என்று பெயர். காப்புரிமையால் கிடைத்த 1 கோடியே 30 லட்சம் டாலருக்கும் மேற்பட்ட தொகையை இருவரும் தங்களுக்கென எடுத்துக்கொள்ளாமல் ஆராய்ச்சிக்கே கொடுத்துவிட்டார்கள்.

இந்தியாவும் பின்தங்கிவிடவில்லை. புனே அருகே பிம்ப்ரியில் உள்ள ஹிந்துஸ்தான் அன்டிபயோட்டிக்ஸ் என்ற அரசு நிறுவனத்தில் எம். ஜே. திருமலாச்சாரும் அவருடைய குழுவினரும் 1961இல் 'ஹாமைசின்' என்ற மருந்தை வெளிக்கொணர்ந்தார்கள். அதைச் சுரக்கும் நுண்ணுயிருக்கு ஊரின் பெயராலேயே 'ஸ்ட்ரெப்டோமைசிஸ் பிம்ப்ரினா' என்று பெயர். நிஸ்டாட்டினைப் போலவே செயல்படும் ஹாமைசின், இந்தியாவில் வாய் வெண்படலத்துக்கு மருந்தாகக் கொடுக்கப்பட்டது.

நிஸ்டாட்டின்: பட்டால்தான் பலிக்கும்

நிஸ்டாட்டின் பெரும்பாலும் மஞ்சள் நிறத் திரவமாகக் கிடைக்கிறது. வழக்கமாக ஒரு மில்லிலிட்டரில் 1 லட்சம் யூனிட். இதன் பெரிய சிறப்பு, விழுங்கினாலும் குடலிலிருந்து இரத்தத்தில் ஏறக்குறைய கலப்பதே இல்லை. அதனால் மற்ற மருந்துகளோடு மோதாது. ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் சுமை இல்லை. இதன் பெரிய குறையும் அதுவேதான். இரத்தத்தின் வழியாகச் சுற்றி வந்து வேலை செய்யாது. எங்கே படுகிறதோ, எவ்வளவு நேரம் படுகிறதோ, அவ்வளவுதான் பலன்.

"நிஸ்டாட்டின் கேட்கவில்லை" என்பவர்களில் பலர், இருமல் மருந்தைப் போல அதை ஒரே மடக்கில் விழுங்கிவிடுபவர்களாக இருக்கலாம். சரியான முறை இதோ:

- மருந்து அடியில் தங்கியிருக்கும். புட்டியை நன்றாகக் குலுக்க வேண்டும்.
- சாப்பிட்ட பிறகு போட வேண்டும். பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 4 முதல் 6 மில்லிலிட்டர், நாளுக்கு நான்கு வேளை.
- பாதியை ஒரு கன்னத்திலும் பாதியை மறு கன்னத்திலும் வைத்து, இயன்ற அளவு நேரம் வாய் முழுவதும் சுழற்றி, பிறகுதான் விழுங்க வேண்டும்.
- அடுத்த அரை மணி நேரத்துக்குத் தேநீர் உட்பட எதுவும் வேண்டாம்.
- வெள்ளை மறைந்த பிறகும் குறைந்தது இரண்டு நாள் தொடர வேண்டும். பொதுவாக 7 முதல் 14 நாள்.
- 'குளோர்ஹெக்சிடின்' கலந்த வாய்க் கொப்பளிப்பு மருந்தை அதே நேரத்தில் பயன்படுத்தக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று செயலிழக்கச் செய்துவிடும்.

சில நிறுவனங்களின் நிஸ்டாட்டின் திரவத்தில் சர்க்கரை சேர்க்கப்பட்டிருக்கும். இனிப்புநீர் உள்ளவர்கள் இதை மருந்தாளரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

ஜெல்: வலிமையும் எச்சரிக்கையும்

மைக்கோனசோல் ஜெல் பசை போல ஒட்டிக்கொள்வதால் திரவத்தைவிட நீண்ட நேரம் புண்ணில் தங்குகிறது. 1997இல் வெளியான ஜெர்மானிய ஆய்வு ஒன்றில், வெண்படலம் வந்த கைக்குழந்தைகளுக்கு ஒரு பிரிவில் மைக்கோனசோல் ஜெல்லும் மறு பிரிவில் நிஸ்டாட்டினும் கொடுத்துப் பார்த்தார்கள். 12ஆம் நாளில் ஜெல் பிரிவில் 99 விழுக்காட்டினர் குணமடைந்திருந்தனர். நிஸ்டாட்டின் பிரிவில் 54 விழுக்காட்டினர் மட்டுமே.

அப்படியானால் எல்லாருக்கும் ஜெல்லே போதுமே என்று தோன்றும். அங்கேதான் கவனம் வேண்டும். கெட்டியான ஜெல் சின்னஞ்சிறு குழந்தையின் தொண்டையை அடைத்துவிடலாம். அதனால் பிறந்து சில மாதங்களே ஆன குழந்தைகளுக்கு அது தவிர்க்கப்படுகிறது. பெரிய குழந்தைகளுக்கும் ஒரே கரண்டியாக ஊட்டாமல், சிறிது சிறிதாக வாயின் முன்பகுதியில் தடவ வேண்டும்.

இரண்டாவது எச்சரிக்கை பெரியவர்களுக்கு. "வெறும் தடவும் மருந்துதானே" என்று நினைக்கிறோம். ஆனால் விழுங்கப்படும் ஜெல்லில் ஒரு பகுதி இரத்தத்தில் சேர்ந்து, மற்ற மருந்துகளைக் கழிக்கும் ஈரல் நொதிகளைத் தடுக்கிறது. இரத்தம் உறையாமல் இருக்க 'வார்ஃபரின்' சாப்பிடும் இதய நோயாளிக்கு இதனால் இரத்தக் கசிவு ஏற்படலாம். பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016இல் இதற்காகவே தனி எச்சரிக்கை வெளியிட்டது. இனிப்புநீருக்குக் 'கிளிக்லசைட்' மாத்திரை சாப்பிடுபவருக்கோ, இரத்தச் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடலாம்.

ஃபுளூகோனசோல்: எப்போது தேவை?

படலம் வாய் முழுவதும் பரவியிருந்தாலும், மேற்பூச்சு மருந்துக்குக் குறையாவிட்டாலும், எதிர்ப்புச் சக்தி குறைந்தவராக இருந்தாலும் மருத்துவர் ஃபுளூகோனசோல் எழுதித் தருவார். பெரியவர்களுக்குப் பொதுவாக நாளுக்கு 100 முதல் 200 மில்லிகிராம், 7 முதல் 14 நாள். உடலில் ஒரு நாளுக்கு மேல் தங்குவதாலும் உமிழ்நீரில் நன்றாகச் சுரப்பதாலும் நாளுக்கு ஒரு வேளையே போதும். விழுங்கும்போது நெஞ்சுக்குள் வலித்தால், பூஞ்சை உணவுக்குழாய்க்கு இறங்கிவிட்டது என்று பொருள் கொள்ளலாம். அப்போது மேற்பூச்சு மருந்தால் பயனில்லை. இந்த மாத்திரையே தேவைப்படும்.

அமெரிக்காவில் 34 கைக்குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2002இல் வெளியான சிறிய ஆய்வில், ஃபுளூகோனசோல் பெற்ற 15 பேரும் குணமடைந்தனர். நிஸ்டாட்டின் பெற்ற 19 பேரில் குணமடைந்தவர்கள் 6 பேர்தான். பலம் அதிகம் என்பதில் ஐயமில்லை. ஆனாலும் எடுத்த எடுப்பிலேயே இதைக் கொடுக்காததற்குக் காரணங்கள் உண்டு. வார்ஃபரின், கிளிக்லசைட், கிளிபென்கிளமைட், சிம்வாஸ்டாட்டின் போன்ற பல மருந்துகளோடு இது மோதுகிறது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இது தவிர்க்கப்படுகிறது.

மேலும் ஒரு காரணம், எதிர்ப்பாற்றல். 'கேண்டிடா குருசியை' என்ற வகைக்கு ஃபுளூகோனசோல் இயல்பிலேயே கேட்காது. 'கேண்டிடா கிளப்ராட்டா' பல நேரம் முரண்டு பிடிக்கும். தேவையில்லாத இடத்தில் பயன்படுத்தினால் இத்தகைய வகைகளே மிஞ்சிப் பெருகும். உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட ஆபத்தான பூஞ்சைகளின் பட்டியலில், நாம் சாதாரணமாக எண்ணும் கேண்டிடா அல்பிகன்ஸும் முதல் பிரிவில் இடம்பெற்றிருக்கிறது.

ஒதுக்கி வைக்க வேண்டியவை

ஒரு காலத்தில் வாயெல்லாம் ஊதா நிறமாக்கிய 'ஜென்ஷன் வயலெட்' பூஞ்சையைக் கொல்லும் என்பது உண்மைதான். ஆனால் புற்றுநோய் அபாயத்தைச் சுட்டிக்காட்டி, கனடா சுகாதாரத் துறை 2019இல் அதைத் தவிர்க்கும்படி அறிவுறுத்தியது. வெண்காரம் எனப்படும் போராக்ஸைத் தேனிலோ கிளிசரினிலோ குழைத்துக் குழந்தையின் வாயில் தடவும் வழக்கமும் கைவிட வேண்டியதே. அது உடலில் சேர்ந்து குழந்தைக்கு வலிப்பு வந்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனே கூடாது.

மூன்று வீட்டுக்கும் விடை

இப்போது மூன்று வீடுகளுக்கும் வருவோம். கைக்குழந்தைக்கு முதல் தேர்வு நிஸ்டாட்டின் சொட்டு. இரத்தத்தில் கலக்காது என்ற பாதுகாப்பே அதன் தகுதி. தாயின் மார்புக் காம்பில் எரிச்சலோ வெடிப்போ இருந்தால் இருவருக்கும் ஒரே நேரத்தில் மருத்துவம் பார்க்க வேண்டும்; இல்லையேல் பூஞ்சை ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போய் வந்துகொண்டே இருக்கும். பால் புட்டியும் சூப்பானும் கொதிநீரில் சுத்தமாக வேண்டும்.

இன்ஹேலர் இழுப்பவருக்கு நிஸ்டாட்டினோ ஜெல்லோ போதும். ஆனால் ஒவ்வொரு முறை இழுத்த பிறகும் வாயைக் கொப்பளித்துத் துப்பாவிட்டால் அடுத்த மாதமே திரும்பி வரும். 'ஸ்பேசர்' குழாய் பயன்படுத்தினால் தொண்டையில் படிவது குறையும். வெண்படலத்துக்குப் பயந்து இன்ஹேலரை நிறுத்தவே கூடாது.

பாட்டிக்கு? கிளிக்லசைட் சாப்பிடுகிறாரா என்று தெரியாமல் ஜெல் வாங்கிக் கொடுப்பது ஆபத்து. அவருக்கு நிஸ்டாட்டின் பாதுகாப்பானது. அதோடு, பொய்ப்பல்லைக் கழற்றி வைத்துத்தான் மருந்து போட வேண்டும். இரவில் கழற்றி, தேய்த்துக் கழுவி, பொய்ப்பல்லுக்கான கரைசலில் ஊற வைக்க வேண்டும். பல்லில் பூஞ்சை இருக்கும்வரை எத்தனை புட்டி மருந்தும் வீண்தான். பொய்ப்பல்லுக்கு அடியில் வெள்ளையே இல்லாமல், வெறும் சிவப்பாகவும் இந்நோய் இருக்கலாம் என்பதையும் கவனிக்க வேண்டும்.

வெள்ளை சொல்லும் சேதி

எந்தக் காரணமும் தெரியாமல் பெரியவர் ஒருவருக்கு வெண்படலம் வந்தாலோ, திரும்பத் திரும்ப வந்தாலோ, மருந்தோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. இரத்தத்தைப் பரிசோதிக்க வேண்டும். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் நோய் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடாக இருந்தது, அதாவது ஏறத்தாழ மூவரில் ஒருவர். இந்நோய் உள்ள பலருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது. நாக்கின் வெள்ளை அதன் முதல் அறிவிப்பாக இருக்கலாம்.

எச்.ஐ.வி. கிருமிக்கும் இது பொருந்தும். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக அத்தொற்றைக் கண்டறிந்தனர். பின்னர் சென்னைப் பல் மருத்துவர்கள் அந்நோயாளிகளின் வாயைச் சோதித்தபோது, அடிக்கடி தென்பட்ட அடையாளங்களில் வெண்படலமும் ஒன்றாக இருந்தது. பரிசோதனை என்றதும் வெட்கப்படவோ பயப்படவோ வேண்டியதில்லை. முன்கூட்டியே தெரிந்தால் இரண்டு நோய்க்கும் இன்று நல்ல மருத்துவம் உண்டு.

துடைத்தாலும் பெயராத வெள்ளை வேறு கதை. குறிப்பாக வெற்றிலை பாக்கோடு புகையிலை போடுபவருக்கு, அது வாய்ப் புற்றுநோயின் முன்னோடியாக இருக்கக்கூடும். இரண்டு வாரத்தில் மறையாத எந்தத் திட்டையும் புண்ணையும் பல் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

ஆகவே ரிங்லெட்டுக்கோ தானா ராத்தாவுக்கோ மருந்து வாங்கப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். வீட்டில் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். வெள்ளை எத்தனை நாளாக இருக்கிறது, துடைத்தால் வருகிறதா, விழுங்க வலிக்கிறதா, பொய்ப்பல் உண்டா, இன்ஹேலர் உண்டா, கடைசியாக இரத்தச் சர்க்கரை பார்த்தது எப்போது என்ற ஆறு விவரங்களையும் சொல்லுங்கள். வாங்கும் பெட்டியில் 'எம்.ஏ.எல்.' பதிவு எண்ணும் ஹோலோகிராம் முத்திரையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு வாரம் முறையாகப் போட்டும் குறையாவிட்டால் அடுத்த புட்டியை வாங்காமல் மருத்துவரைப் பாருங்கள்.